பிக் அண்ட் ரோல் போடும்போது மற்ற மூணு பேர் நிக்கணுமா, கட் போடணுமா?

கார்னர்காவலன்

பாஸ்கெட்பால் ஆட்டம். டாப்பில், அதாவது ரிங்குக்கு நேர் எதிரே, பிக் அண்ட் ரோல் நடக்குது: ஒருத்தர் வந்து பந்து வச்சிருக்கறவரோட டிஃபெண்டரை உடம்பால மறிச்சுட்டு (ஸ்க்ரீன்), ரிங் பக்கம் ஓடறார் (ரோல்). பந்து இல்லாத மூணு பேர் என்ன பண்ணணும்? என் பதில் ஒரே வார்த்தை: நிக்கணும். ரெண்டு கார்னரிலும் (பேஸ்லைன் மூலை) ஒவ்வொருத்தர், விங்கில் (கார்னருக்கும் டாப்புக்கும் நடுவில்) ஒருத்தர். பந்து வந்தா சுட கையும் காலும் தயாரா இருக்கணும், அவ்வளவுதான்.

இப்போ எங்க பார்த்தாலும் "45 கட் போடு (விங்கில் இருந்து ரிங்குக்கு வெட்டி ஓடு), பேக்டோர் போடு (டிஃபெண்டர் முதுகுக்குப் பின்னாடி ஓடு)"ன்னு பசங்களை உள்ளே விரட்டறாங்க. உள்ளே ஓடறவன் தனியா ஓடறதில்லை, தன் டிஃபெண்டரையும் கையோட கூட்டிட்டுப் போறான். பெயின்ட், அதாவது ரிங்குக்கு முன்னாடி இருக்கற கட்டம், 4.9 மீட்டர் அகலம், 5.8 மீட்டர் நீளம். அதுக்குள்ள ரோல் பண்றவர், அவரோட டிஃபெண்டர், பந்தோட இறங்கறவர், அவரைத் துரத்தறவர்னு ஏற்கெனவே நாலு பேர். அஞ்சாவதா ஒருத்தன் நுழைஞ்சா ஆறாவது ஆள் இலவச இணைப்பு. ரோலுக்குப் போக வேண்டிய பவுன்ஸ் பாஸ் யாரோ ஒருத்தர் முழங்காலில் பட்டு, அடுத்த மூணாவது விநாடி எதிர்ப்பக்கம் லே-அப்.

கார்னரில் நிக்கறவன் சும்மா நிக்கலை. ரிங்கில் இருந்து கிட்டத்தட்ட 7 மீட்டர் தள்ளி ஒரு டிஃபெண்டரைக் கட்டிப் போட்டு வச்சிருக்கான்.

பேக்டோர்பக்கிரி

கட்டிப் போட்டு வச்சிருக்கானா? அந்த டிஃபெண்டர்தான் லோ மேன், பேஸ்லைன் பக்கத்தில் இருந்து உதவிக்கு வர்றவர். பந்து ஸ்க்ரீனைத் தாண்டின உடனே அவர் பெயின்ட் நடுவுக்கு வந்து ரோலரை நெஞ்சால ஒரு தட்டு தட்டிட்டு (இதுதான் டேக்), பாஸ் கிளம்பும்போது கார்னருக்குத் திரும்பி ஓடறார். உங்க ஆள் அசையாம நிக்கறதால திரும்பி எங்கே ஓடணும்னு அவருக்குத் தேடவே வேண்டாம். கண்ணை மூடிட்டு ஓடலாம்.

கணக்கே போட்டுடுவோம். ஃபிபா (சர்வதேசக் கூட்டமைப்பு) கோர்ட், 15 மீட்டர் அகலம். பந்து இடது எல்போவில் (ஃப்ரீ த்ரோ கோட்டோட முனை), வலப் பக்கம் உங்க ஆள் ஒருத்தர் மட்டும். அவர் கார்னரில் இருந்தா பாஸ் தூரம் சுமார் 10.5 மீட்டர். லோ மேன் பெயின்ட் நடுவில் இருந்து அவர்கிட்ட வர ஏறக்குறைய 6.8 மீட்டர். அதே ஆள் ரோல் நடக்கும்போதே 45 டிகிரி விங்குக்கு ஏறிட்டா பாஸ் 7.5 மீட்டர், க்ளோஸ்-அவுட் (லோ மேன் அவர்கிட்ட ஓடி வர்ற தூரம்) 5.8. டிஃபெண்டர் விநாடிக்கு 5 மீட்டர் ஓடறார், நேர் பாஸ் விநாடிக்கு 12 மீட்டர் போகுதுன்னு வைங்க. ரெண்டு இடத்திலும் ஷூட்டருக்கு அரை விநாடி கிடைக்குது.

ஆனா கார்னர் பாஸ் நேரா போகாது. பெயின்ட்டில் இருக்கற லோ மேனோட தூக்கின கைக்கு மேல வளைஞ்சு போகணும். வளைவா போட்டா வேகம் 9 ஆகக் குறையும், மிஞ்சறது 0.2 விநாடி. விங்குக்கு ஏறினவனுக்குப் பாதையில் அந்தக் கை இல்லை, அரை விநாடி அப்படியே இருக்கு.

கார்னர்காவலன்

நீங்க சொல்றது ஷேக். அது கட் இல்லையே. கார்னரில் இருந்து கோட்டுக்கு வெளியவே ஏறறான், டிஃபெண்டரை பெயின்ட்டுக்குள்ள கூட்டிட்டு வரலை. அதை நான் எதிர்க்கலை.

ஆனா அதுவும் எல்லா நேரமும் ஆகாது. பந்து போகாத பக்கத்தில் ஒரே ஒருத்தர் இருந்தாத்தான் ஏற முடியும். விங்கில் ஏற்கெனவே ஒருத்தர் நின்னா ரெண்டு பேரும் ஒரே இடத்தில் மோதிக்குவாங்க, ஒரு டிஃபெண்டர் ரெண்டு பேரையும் பார்த்துக்குவார். ஒருத்தருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் குறைஞ்சது 4 மீட்டர் இல்லைன்னா ஸ்பேசிங்னு பேரே சொல்லக் கூடாது.

டேக்மேன்

டிஃபென்ஸ் பக்கத்துக் கண்ணால ஒண்ணு சொல்றேன், ரெண்டு பேருக்கும் பிடிக்காது.

ஹெல்ப் பண்றவருக்கு ஒரு விரல் பந்து மேல, இன்னொரு விரல் தன் ஆள் மேல இருக்கணும்னுதான் சொல்லிக் கொடுப்பாங்க. ஆள் அசையாம இருந்தா ரெண்டாவது விரலை மடக்கிடலாம். காவலன் சொல்ற "நிக்கணும்" எங்களுக்கு நிம்மதி.

பக்கிரி ஆளுங்க போடற கட்களில் பாதி அதைவிடப் பெரிய நிம்மதி. ஸ்க்ரீன் வைக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தன் உள்ளே ஓடிடுவான். அவனோட டிஃபெண்டர் கூடவே வந்து ரோல் வர்ற வழியில் நிப்பார். நாங்க டேக் பண்ண ஆள் அனுப்பவே வேண்டாம், அட்டாக்கே அனுப்பி வச்சிடுச்சு.

பேக்டோர்பக்கிரி

அது கட் இல்ல, உலாப் போறது. பந்து போகாத பக்கத்தில் விங், கார்னர்னு ரெண்டு பேர் இருக்கும்போதுதான் 45 கட்டுக்கே வேலை. லோ மேன் ரோலரைத் தொட வந்துட்டார். விங் டிஃபெண்டர் ஃப்ரீ த்ரோ கோட்டு நடுவில், நெயிலில், ஒரு காலை வச்சுக்கிட்டு தன் ஆளையும் கார்னர் ஆளையும் ஒருத்தரா பார்த்துக்கறார். கண்ணு பந்து மேல. அவருக்குப் பின்னாடி ரிம் வரைக்கும் காலி.

விங்கில் நிக்கறவன் மூணு பாயின்ட் கோட்டுக்கு ஒரு மீட்டர் வெளிய நிக்கணும். கோட்டை ஒட்டி நின்னா அவன் டிஃபெண்டர் நெயிலுக்குப் போக ஒரு எட்டு போதும், வெளிய நின்னா ரெண்டு மூணு எட்டு போகணும், போனா திரும்ப முடியாது. அவர் தலையைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். காது தெரிஞ்சா நில், பின்மண்டை தெரிஞ்சா கிளம்பு. கிளம்பும்போது அவருக்கு முன்னாடி, பந்துப் பக்கமா போகவே கூடாது. அவர் முதுகுக்கும் பேஸ்லைனுக்கும் நடுவில் வேகமா மூணு எட்டு, கை ரிம் பக்கம் நீட்டினபடி.

இதில் எல்லாரும் கோட்டை விடற இடம் ரோலர். ரோலர் ரிம் வரைக்கும் ஓடறார்னா கட் கிடையாது, அந்தப் பாதை அவருடையது. ரோலர் ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் பந்தை வாங்கி நின்னுட்டார்னா, அதாவது ஷார்ட் ரோல்னா, அந்த நொடியே கட். கீழ வந்து லோ மேன் வெட்டி வர்றவனைப் பிடிச்சா கார்னர் காலி. பிடிக்கலைன்னா லே-அப்.

கார்னர்காவலன்

என் வழிக்கு ஒரே வார்த்தை போதும். உங்க வழிக்கு தலை எந்தப் பக்கம், ரோலர் எங்கே, முதுகா முன்னா, எத்தனை எட்டுன்னு அடுக்கிட்டே போறீங்க. இத்தனையையும் ஒரு விநாடிக்குள்ள படிக்கற ஆட்டக்காரன் உங்க டீமில் எத்தனை பேர்? தப்பாப் படிச்சா, டேக்மேன் சொன்ன மாதிரி, டிஃபென்ஸுக்கு ஆள் அனுப்பற கதைதான்.

டேக்மேன்

"நில்" ஒரே வார்த்தைன்னு சொல்றது கொஞ்சம் ஏமாத்து வேலை காவலன். கார்னரில் மூணு பாயின்ட் கோட்டுக்கும் சைட்லைனுக்கும் நடுவில் 90 சென்டிமீட்டர்தான். பெரிய ஷூ ஒண்ணே 30 சென்டிமீட்டர் வரும். பாஸ் பிடிக்கும்போது கால் மாத்தி வச்சா முன்கால் கோட்டை மிதிச்சு ரெண்டு பாயின்ட் ஆகும், இல்லைன்னா குதிகால் வெளிய போய் பந்தே போகும். அதனால பாஸ் வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு காலும் பதிஞ்சு, இடுப்பு தாழ்ந்து, மார்பு பந்தைப் பார்த்து இருக்கணும்.

இன்னொண்ணு: சும்மா நிக்கச் சொன்னா யாரும் நிக்க மாட்டாங்க. பந்தைப் பார்க்கற ஆசையில் ஒவ்வொரு எட்டா மேல ஏறி, கார்னருக்கும் விங்குக்கும் நடுவில் ரெண்டுங்கெட்டான் இடத்தில் போய் நிப்பாங்க. அங்கே நிக்கறவனை லோ மேன் பாதி வழியில் நின்னே காத்துக்குவார். ஏறினா முழுசா விங் வரைக்கும் ஏறணும், இல்லைன்னா பேஸ்லைனில் இருந்து ஒரு மீட்டரில் ஆணி அடிச்ச மாதிரி இருக்கணும். பந்து பேஸ்லைன் பக்கமா இறங்கினா எதிர் கார்னர் ஆள் இன்னும் கீழ இறங்கணும், ஏறக் கூடாது. அங்கே பாஸ் போர்டுக்கு அடியில் தாழ்வாத்தான் வரும்.

விசில்வாத்தியார்

நீங்கள் எந்த விதியில் விளையாடுகிறீர்கள் என்பதை யாருமே சொல்லவில்லை. பாதிச் சண்டை அதனால்தான்.

அமெரிக்க லீகான என்.பி.ஏ.வில் 2001-02 பருவத்திலிருந்து டிஃபென்ஸுக்கும் மூன்று விநாடி விதி உண்டு. கைக்கெட்டும் தூரத்தில் யாரையும் காக்காமல் டிஃபெண்டர் பெயின்ட்டில் மூன்று விநாடிக்கு மேல் தங்கினால் டெக்னிக்கல் ஃபவுல். ஒரு ஃப்ரீ த்ரோ, பந்தும் அட்டாக்குக்கே. ஃபிபாவில் அப்படி ஒரு விதியே இல்லை. லோ மேன் ஆட்டம் முழுக்க ரிம்முக்கு அடியில் குடியிருக்கலாம். ஆகவே என்.பி.ஏ. ஆட்டத்தில் கார்னரில் நிற்பவன் டிஃபெண்டரை வெளியே இழுக்கும் அளவுக்கு ஃபிபா ஆட்டத்தில் இழுப்பதில்லை. காவலன் சொல்வது அங்கே கூடுதலாகவும் இங்கே குறைவாகவும் பொருந்தும்.

இன்னொரு செய்தி. ஸ்பெயின் பிக் அண்ட் ரோல் என்ற பெயரில் மூன்றாவது ஆள் வந்து, ரோலரின் டிஃபெண்டருக்கு முதுகுப் பக்கம் ஸ்க்ரீன் வைத்துவிட்டு வெளியே போகிறாரே, அதில் விழும் ஃபவுல்கள் பெரும்பாலும் தூரத்தால்தான். டிஃபெண்டர் அசையாமல் நின்றால், அவர் பார்வைக்கு வெளியே வைக்கும் ஸ்க்ரீனுக்கு ஓர் எட்டு இடம் விட வேண்டும். ஆனால் இங்கே அவர் பின்வாங்கி நகர்ந்துகொண்டிருக்கிறார். நகர்பவருக்கு நின்று தவிர்க்க இடம் வேண்டும். ஓர் எட்டுக்குக் குறையக் கூடாது. ஒட்டிப் போய் நின்று இடுப்பையும் நீட்டினால் விசில்தான்.

பேக்டோர்பக்கிரி

வாத்தியார் சொன்னதை வச்சே கேக்கறேன். ஃபிபா விதியில் சுடத் தெரியாத ஒருத்தனை கார்னரில் நிக்க வச்சு என்ன லாபம்? அவன் டிஃபெண்டர் ரிம்முக்கு அடியில் நின்னு சிரிப்பார். அவனை டங்கர் ஸ்பாட்டில், பெயின்ட்டுக்கு அரை மீட்டர் வெளிய, பேஸ்லைன் ஓரமா வைங்க. லோ மேன் ரோலரைப் பார்த்துத் திரும்பினதும் ஒரே எட்டில் ரிம். டென்வர் அணி 2023இல் என்.பி.ஏ. சாம்பியன் ஆனபோது ஜோகிச்சும் மர்ரியும் ரெண்டு பேர் ஆட்டம் ஆட, ஏரன் கோர்டன் அங்கேதான் காத்திருந்தார்.

கார்னர்காவலன்

கோர்டன் அங்கே நின்னது வேலை செஞ்சதுக்குக் காரணம், பந்து ஜோகிச் கையில். லோ மேன் தலையைத் திருப்பறதுக்குள்ள பாஸ் வந்துடும். உங்க சென்டர் ஃப்ரீ த்ரோ கோட்டில் பந்தை வாங்கி, தரையில் ஒரு தட்டு தட்டி, அப்புறம் சுத்திப் பார்க்கற ஆளா இருந்தா அந்த இடம் வெறும் நெரிசல்.

என்.பி.ஏ. விதியில் இன்னும் மோசம். டங்கர் ஸ்பாட்டில் ஆளை வச்சா, "கைக்கெட்டும் தூரத்தில் இவனைக் காக்கறேன்"னு சொல்லி அவன் டிஃபெண்டர் பெயின்ட்டிலேயே சட்டப்படி தங்கலாம். மூணு விநாடிக்கு ஒருக்கா வெளிய துரத்த வேண்டியவருக்கு நீங்களே நாற்காலி போட்டுக் கொடுக்கறீங்க.

டேக்மேன்

நாற்காலி விஷயம் சரி. ஆனா ஒரு கவரேஜில் காவலன் கட்சி தோத்துடும்: ட்ராப் (பெரிய டிஃபெண்டர் பின்வாங்கி பெயின்ட்டில் நிக்கறது) இல்லாம, ரெண்டு பேரும் வெளிய வந்து பந்தைப் பிடிக்கற ப்ளிட்ஸ். அந்த நிமிஷம் பின்னாடி நாலுக்கு மூணு. கோல்டன் ஸ்டேட் அணியில் கர்ரி மேல ரெண்டு பேர் விழும்போது டிரேமண்ட் கிரீன் ஃப்ரீ த்ரோ கோட்டில் வாங்கினது இதுக்குத்தான். மூணு டிஃபெண்டரில் ஒருத்தர் கிரீனை நிறுத்த வந்தே ஆகணும். மிச்சம் ரெண்டு பேர், மூணு பேரைக் காக்கணும். அந்த மூணு பேரும் கோட்டுக்கு வெளியவே நின்னா அவங்க நடுவில் நின்னு பாஸ் போகற திசைக்கு ஓடிப் பிடிச்சுடுவாங்க. ஒருத்தன் உள்ளே வெட்டினா ரெண்டு பேரில் ஒருத்தர் ரிம்முக்கு இறங்கியே தீரணும், அப்போ வெளிய ரெண்டு பேருக்கு ஒருத்தர்தான் மிச்சம்.

ஸ்விட்ச் ஆடற டீம்னா (டிஃபெண்டர்கள் ஆளை மாத்திக்கறது) கட் போடறதைவிட முக்கியம் ஸ்க்ரீன் வைக்கறதுக்கு முன்னாடியே ஸ்லிப் ஆகறது (ரிங் பக்கம் நழுவறது). அது தனித் திரியில் பேசற அளவுக்குப் பெருசு.

கார்னர்காவலன்

ப்ளிட்ஸுக்கு ஒத்துக்கறேன். ட்ராப்புக்கு ஒத்துக்க மாட்டேன். ட்ராப்பில் பெரிய ஆள் ஏற்கெனவே பெயின்ட்டில் இருக்கார், உள்ளே வெட்டி வர்றவனை அவரே பார்த்துக்கறார்.

அப்புறம், கட் போனவன் விட்டுட்டுப் போன இடத்தை யார் நிரப்பறது? விங்கும் காலி, டாப்பில் இருந்தவர் பந்தோட உள்ளே, சென்டரும் உள்ளே. ஷாட் தவறி நீண்ட ரீபவுண்டா விழுந்தா பின்னாடி ஓட ஒருத்தரும் இல்லை.

பேக்டோர்பக்கிரி

கார்னர் ஆள் நிரப்பணும். எப்போங்கறதுதான் விஷயம். வெட்டி ஓடறவன் தன் கார்னர் ஆளோட மட்டத்தைத் தாண்டற வரைக்கும் அவர் அசையக் கூடாது, முன்னாடியே ஏறினா பாஸ் போற கார்னர் இல்லாமப் போயிடும். தாண்டினதும் அவர் விங்குக்கு ஏறணும், ஷாட் போனா முதல்ல பின்னாடி ஓடறவரும் அவர்தான். வெட்டினவனுக்குப் பந்து வரலைன்னா கார்னர் ஆள் விட்ட அதே கார்னருக்கு வெளியேறணும். ரிம்முக்கு அடியில் கையைத் தூக்கிட்டு நின்னா நம்ம பக்க மூணு விநாடி விசில் வரும்.

இதைச் சொல்லிக் கொடுக்க நாலுக்கு நாலு போதும். விங்கிலும் கார்னரிலும் கூம்பு வைங்க. ஒவ்வொரு கட்டுக்கும் அஞ்சு எண்ணறதுக்குள்ள ரெண்டு கூம்புகிட்டயும் ஆள் இருக்கணும். இல்லைன்னா கூடை விழுந்தாலும் கணக்கில் சேர்க்காதீங்க. ஒரு பயிற்சியில் 30 பிக் அண்ட் ரோல் ஆடி, கட் போட்டது எத்தனை, அதில் லே-அப் எத்தனை, கார்னர் ஷாட் எத்தனைன்னு ஒரு தாளில் குறிங்க. அப்புறம் பேசலாம்.

கார்னர்காவலன்

குறிக்கறேன். ஆனா அந்தத் தாளில் இன்னொரு கட்டம் போடுங்க: ரோலர் காலியா இருந்தும், நடுவில் கட் வந்ததால போடாம விட்ட பாஸ் எத்தனை. ஸ்கோர் ஷீட்டில் அது எங்கேயும் வராது.

டேக்மேன்

அதுக்கும் பக்கத்தில், லோ மேன் டேக் பண்ண வந்தும் கார்னருக்குப் போகாத பாஸ் எத்தனைன்னு ஒரு கட்டம். அது காவலனுக்கு.