101 இரவா, 101 காட்சியா? பாரிமோர் ஹாம்லெட் பஞ்சாயத்து

கணக்குப்பிள்ளை:
நேற்று ஒரு யூடியூப் அன்பர், பெயர் வேண்டாம், நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையைப் பற்றித் தமிழில் பேசுகிறேன் என்று உட்கார்ந்து ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார். அமெரிக்க நடிகர் ஜான் பாரிமோர் 101 இரவுகள் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டாக நடித்து, அவருக்கு முந்தைய தலைமுறை நடிகர் எட்வின் பூத்தின் 100 இரவு சாதனையை முறியடித்தாராம். கீழே வரிசையாகக் கைதட்டல்.

இரவுகளாம்! சாம் ஹாரிஸ் தியேட்டரில் பாரிமோரின் முதல் காட்சி 1922 நவம்பர் 16, வியாழக்கிழமை. 1923 பிப்ரவரி பாதி தாண்டுவதற்குள் மூட்டை கட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நாடகம் போட அன்றைக்கு அங்கே சட்டம் விடாது. ஞாயிறுகளைக் கழித்துவிட்டு இரவுகளை எண்ணிப் பாருங்கள். எண்பதைத் தாண்டினால் என் மீசையை எடுத்துவிடுகிறேன். மீதி எல்லாம் மேட்னி, அதாவது மதியக் காட்சி. காட்சி வேறு, இரவு வேறு. இது தெரியாமல் மைக் பிடிக்கக் கூடாது.

ஒப்பனை அறை:
வந்துட்டாருய்யா. போன வருஷம், ஷெர்லாக் ஹோம்ஸா மேடையில நடிச்ச வில்லியம் ஜில்லெட் பத்தின இழையில ஹோம்ஸ் பைப்பு வளைஞ்சதா நேரா இருந்ததான்னு மூணு நாள் எங்க உயிரை வாங்கினவர்தானே நீங்க?

பாரிமோர்ங்கிற மனுஷன் என்ன செஞ்சார்னு ஒரு வரி எழுதத் தோணலியா உங்களுக்கு? 1909ல 'தி ஃபார்ச்சூன் ஹண்டர்'ல சிரிக்க வச்சுட்டு இருந்த அழகுப் பையன். 1916ல 'ஜஸ்டிஸ்'ல காசோலையைத் திருத்தி ஜெயிலுக்குப் போற குமாஸ்தாவா வந்து நின்னப்போதான் இவருக்கு நடிக்கவும் வரும்னு ஊருக்கே தெரிஞ்சது. 1920ல ஷேக்ஸ்பியரோட மூன்றாம் ரிச்சர்டு. அதுக்காக குரல் பயிற்சி தர்ற மார்கரெட் காரிங்டன்கிட்ட உட்கார்ந்து குரலை அடியிலேர்ந்து மாத்திக்கிட்டார். முப்பத்தெட்டு வயசுல, பேரும் புகழும் வந்தப்புறம், திரும்பப் பேசக் கத்துக்கிட்ட ஆளு! ஹாம்லெட்ல ஆர்தர் ஹாப்கின்ஸ் இயக்கம், ராபர்ட் எட்மண்ட் ஜோன்ஸ் அரங்கம். பிரம்மாண்டமான படிக்கட்டு, பின்னாடி ஒரு வளைவு, நாடகம் முழுக்க அது ஒண்ணுதான். ஆவிக்கு ஆளே கிடையாது, வெறும் வெளிச்சம். இதையெல்லாம் விட்டுட்டு மேட்னி, மேட்னின்னு...

கணக்குப்பிள்ளை:
படிக்கட்டுக்கு நான் எதிரி இல்லை தம்பி. எத்தனை இரவு?

ஒப்பனை அறை:
101.

கணக்குப்பிள்ளை:
அது காட்சி. எத்தனை இரவு?

சும்மா வந்தவன்:
பாப்கார்ன் எடுத்தாச்சு.

பழைய பெட்டி:
இருவரும் சற்று நில்லுங்கள். நான் பணி ஓய்வு பெற்றவன், ஐம்பது வருடமாக இந்த விஷயங்களைச் சேகரித்து வருகிறேன். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லட்டுமா? பூத்தின் நூறைத் தாண்டியவர் பாரிமோரே அல்ல. ஜான் கெல்லர்ட் என்று ஒருவர். 1912-13இல், கார்டன் தியேட்டரில், 102 முறை ஹாம்லெட் நடித்தார். 102! பாரிமோருக்குப் பத்து வருடம் முன்பே. இதை இதே குழுவில் முன்பும் எழுதியிருக்கிறேன். அப்போது யாரும் ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

ஒப்பனை அறை:
யார் அய்யா அது கெல்லர்ட்? நாலு பேருக்குத் தெரிஞ்ச பேரைச் சொல்லுங்க.

பழைய பெட்டி:
நாலு பேருக்குத் தெரியாததால்தான் நான் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
அய்யா, வணக்கம். (போன முறை பாக்கியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.) அந்த 102இல் மேட்னி எத்தனை?

பழைய பெட்டி:
உங்களோடு பேசுவதில் பயனில்லை.

ஒப்பனை அறை:
தவிர, கார்டன் தியேட்டர் மேடிசன் அவென்யூ, இருபத்தேழாம் தெரு. அது எப்படி பிராட்வே ஆகும்?

கணக்குப்பிள்ளை:
ஹாரிஸ் தியேட்டர் மட்டும்? நாற்பத்திரண்டாம் தெரு! பிராட்வே என்கிற சாலையிலேயே நின்றது பூத் நடித்த பழைய வின்டர் கார்டன்தான், பாண்ட் தெருவுக்கு எதிரே. அதுவும் 1867இல் எரிந்துபோனது. ஆக, தெருவை வைத்துப் பார்த்தாலும் ஜெயித்தது பூத்தான்.

ஒப்பனை அறை:
யோவ், பிராட்வேன்னா தெரு இல்லய்யா! கோடம்பாக்கம்னா எல்லா ஸ்டூடியோவும் ஒரே தெருவுலயா இருந்துச்சு?

கணக்குப்பிள்ளை:
'யோவ்' எல்லாம் வேண்டாம். மேடிசன் அவென்யூ என்று தெருக்கணக்கை ஆரம்பித்தது நீங்கள்.

மூன்றாம் மணி:
எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களே, அந்த ஹாம்லெட்டில் ராணியாக நடித்தவர் யார் என்று இங்கே யாருக்காவது தெரியுமா? பிளான்ச் யுர்கா. பிறந்தது 1887. 'மகன்' பாரிமோர் பிறந்தது 1882. மகனைவிட அம்மாவுக்கு ஐந்து வயது குறைவு! நாற்பது வயது ஆள் இளவரசன், முப்பத்தைந்து வயதுப் பெண் அவனுக்குத் தாய். இதைப் பற்றி ஒரு இழை தொடங்குங்களேன்.

கணக்குப்பிள்ளை:
நல்ல தகவல் அம்மா. அவர் மேட்னியிலும் நடித்தாரா?

மூன்றாம் மணி:
நான் உங்களுக்கு அம்மா இல்லை. இந்தக் குழுவில் பெண்பிள்ளை ஏதாவது எழுதினால் உடனே ஒரு 'அம்மா' போட்டு ஓரமாக உட்கார வைப்பது வழக்கமாகிவிட்டது. ஆண்களுக்கு 'சார்', எங்களுக்கு 'அம்மா'.

கணக்குப்பிள்ளை:
மரியாதைக்குச் சொன்னேன் மேடம்.

மூன்றாம் மணி:
மேடமும் வேண்டாம்.

சும்மா வந்தவன்:
பிளான்ச் யுர்காவுக்கே இவ்வளவு பிரச்சினை இருந்திருக்காது.

ஒப்பனை அறை:
சரி, கணக்குக்கே வரேன். மேட்னின்னா கேவலமா? புதன், சனி வந்தா மதியம் ஒரு ஹாம்லெட், ராத்திரி ஒரு ஹாம்லெட். ஷேக்ஸ்பியர் எழுதினதுலயே நீளமான பாத்திரம்! ஒரே நாள்ல ரெண்டு தடவை செத்து எழுந்திரிக்கிறவன் பெரியவனா, ராத்திரி ஒரு தடவை செத்துட்டு வீட்டுக்குப் போறவன் பெரியவனா? மேட்னி சேர்ந்ததாலதான் உங்க பூத்தைவிட எங்க ஆளு ஒசத்தி.

கணக்குப்பிள்ளை:
யார் ஒசத்தி என்று நான் கேட்கவே இல்லை. எத்தனை இரவு என்றுதான் கேட்டேன். பூத் கணக்கைப் பாருங்கள். 1864 நவம்பர் 26 சனிக்கிழமை முதல் 1865 மார்ச் 22 புதன்கிழமை வரை 117 நாள். அதில் ஞாயிறு 17. மீதி? நூறு. அச்சடித்த மாதிரி நூறு! ஒரு இரவுகூட இடைவெளி இல்லை. நேற்று ராத்திரி பஞ்சாங்கம் மாதிரி காலண்டரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து எண்ணினேன்.

ஒப்பனை அறை:
பூத் சனிக்கிழமை மதியம் ஆடலேன்னு உங்களுக்கு யார் சொன்னா?

கணக்குப்பிள்ளை:
ஆடியிருந்தால் அவர் கணக்கு நூறுக்கு மேல் அல்லவா போகும்? அப்போது உங்கள் 101 எங்கே போய் நிற்கும்? யோசித்துவிட்டுக் கேளுங்கள் தம்பி.

ஒப்பனை அறை:
...

சும்மா வந்தவன்:
ஒப்பனை அறையில விளக்கு அணைஞ்சிருச்சு.

ஒப்பனை அறை:
அணையல. டீ குடிக்கப் போனேன். 1923 கடைசியில மன்ஹாட்டன் ஆப்பெரா ஹவுஸ்ல திரும்பவும் அதே ஹாம்லெட் போட்டாங்களே, அதைச் சேர்த்தா? 1925ல லண்டன் ஹேமார்க்கெட் தியேட்டர்ல, இங்கிலீஷ்காரன் ஊர்லயே போய் ஆடிக் காட்டினாரே, அதைச் சேர்த்தா? உங்க நூறு தூசு!

கணக்குப்பிள்ளை:
லண்டனைச் சேர்த்தால் பூத் வாழ்நாள் முழுக்க ஊர் ஊராக ஆடிய ஹாம்லெட்டையும் சேர்க்க வேண்டும். அதற்குத் தயாரா? 1866 ஜனவரியில் அவர் திரும்பி மேடையேறியதே ஹாம்லெட்டாகத்தான்.

மூன்றாம் மணி:
எதற்கு 'திரும்பி' என்பதையும் சொல்லிவிடுங்களேன். எட்வின் பூத்தின் தம்பி ஜான் வில்க்ஸ் பூத், லிங்கனைச் சுட்டது 1865 ஏப்ரல் 14. நூறாவது இரவு முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நூறு இரவு தொடங்குவதற்கு முந்தைய நாள் இரவு, நவம்பர் 25, அண்ணன் தம்பி மூவரும் ஒரே மேடையில் ஜூலியஸ் சீசர் நடித்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம்; அன்றைக்கே தென்மாநிலச் சதிகாரர்கள் நியூயார்க் ஓட்டல்களுக்குத் தீ வைத்தார்கள். பக்கத்து ஓட்டலிலும் தீ. நாடகம் பாதியில் நின்று, பிறகு தொடர்ந்தது. இவ்வளவு கதை இருக்கும்போது நீங்கள் ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
ஞாயிறு 17. சரிபார்த்துக்கொள்ளலாம்.

திண்ணை வாசகன்:
குறுக்கே வருகிறேன். பாரிமோரின் அப்பா மாரிஸ் பாரிமோர் ஆக்ராவில் பிறந்தவர். இயற்பெயர் ஹெர்பர்ட் பிளைத். பெயரை மாற்றிக்கொண்டு நடிக்கப் போனார். பலருக்குத் தெரியாது.

சும்மா வந்தவன்:
அப்போ நம்ம ஊரு ரத்தம்! விடாதீங்க, 101ஐ 108 ஆக்கிடுவோம்.

பழைய பெட்டி:
ரத்தம் எங்கே வந்தது? பிரிட்டிஷ் குடும்பம், பிறந்த ஊர் ஆக்ரா, அவ்வளவுதான். இப்படித்தான் வரலாறு கெடுகிறது. ஹாம்லெட்டுக்கும் நமக்கும் உறவு வேண்டுமானால் பம்மல் சம்பந்த முதலியாரின் அமலாதித்தன் இருக்கிறது. பாரிமோர் ஹாம்லெட் வேடம் போடுவதற்கு முன்பே சென்னையில் சுகுண விலாச சபையார் அதை மேடையேற்றிவிட்டார்கள். அதை எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்?

ஒப்பனை அறை:
பேச்சு பாரிமோர் பத்தி. எதுக்கு எல்லாத்தையும் சென்னைக்கு இழுக்கறீங்க?

பழைய பெட்டி:
கோடம்பாக்கத்தை இழுத்தது யார்?

திண்ணை வாசகன்:
இன்னொன்று. அது பாரிமோர் அல்ல, பேரிமோர்.

ஒப்பனை அறை:
ஆரம்பிக்காதீங்க சாமி.

இழைக்காவலர்:
ஒருமையில் பேசுவதும் 'யோவ்' போடுவதும் விதிமீறல். இன்னொரு முறை நடந்தால் இழை பூட்டப்படும். பேரிமோர் பற்றி மட்டும் பேசவும்.

கணக்குப்பிள்ளை:
பாரிமோர்.

ஒப்பனை அறை:
கடைசியா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். மூன்றாம் ரிச்சர்டு நாலு வாரத்துல ஏன் நின்னுச்சு தெரியுமா? பகல்ல ஜெக்கில்-ஹைட் படப்பிடிப்பு, சாயங்காலம் ரிச்சர்டு ஒத்திகைன்னு உடம்பு உடைஞ்சு விழுந்தார். அப்புறம் எழுந்து வந்து ஆடினதுதான் ஹாம்லெட். ஹாம்லெட் போட்ட அதே ஹாரிஸ் தியேட்டர் கட்டடத்துலதான் 1916ல 'ஜஸ்டிஸ்' ஆடினார், அப்போ அதுக்குப் பேரு கேண்ட்லர் தியேட்டர். குமாஸ்தாவா அழுத மேடையில ஆறு வருஷம் கழிச்சு இளவரசனா வந்து நின்னார். இதைக் கேட்டும் உங்களுக்கு மேட்னிதான் தோணுதுன்னா நீங்க நாடகம் பார்க்கவே லாயக்கில்ல.

கணக்குப்பிள்ளை:
அதே கட்டடம் என்பது எனக்குப் புதிது. குறித்துக்கொண்டேன். ஆனால் ஒத்திகையில் விழுந்தார், எழுந்தார் என்பதெல்லாம் அனுதாபம். அனுதாபத்தைக் கூட்டினால் எண் வராது. அன்பரே சொன்னது '101 இரவுகள்'. இரவுகள் எண்பதுக்குக் கீழே. இதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஒப்பனை அறை:
1936ல இங்கிலீஷ் நடிகர் ஜான் கில்குட் நியூயார்க்ல ஹாம்லெட்டா 132 ஆடிட்டார். இப்போ ரெண்டு பேருமே காலி. போதுமா?

கணக்குப்பிள்ளை:
132 இரவா, காட்சியா?

மூன்றாம் மணி:
நான் கிளம்புகிறேன்.

பழைய பெட்டி:
கெல்லர்ட் 102. மறுபடி சொல்லிவைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
அந்த யூடியூப் அன்பர் இப்போது தலைப்பைத் திருத்தியிருக்கிறார், யாராவது கவனித்தீர்களா? 'இரவுகள்' போய் 'நாட்கள்' வந்திருக்கிறது. நாட்களாம்! நாளைக்குக் காலையில் காலண்டரோடு வருகிறேன்.