சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: தூரக் கணக்கும் நேரக் கணக்கும் ஒத்துவரவில்லையே?

சாங்கி_பயணி:
சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்குப் போகும் நேரடி விமானத்துக்கு டிக்கெட் பார்க்கிறேன். தூரம் சுமார் 15,345 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி நேரம். டிக்கெட்டிலோ 18 மணி 40 நிமிடத்தை ஒட்டிப் போட்டிருக்கிறது. பகல் 12-க்குக் கிளம்பினால் அன்றே சாயங்காலம் இறங்குமாம்! எந்த வழியாகப் போகிறது? வயதான பெற்றோருக்குச் சரிவருமா?

வரைபடப்_பிரியன்:
அந்தத் தூரத்தை நீங்களே சரிபார்க்கலாம். இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் ஏறக்குறைய 178 பாகை. அதாவது பூமியின் எதிரெதிர்ப் பக்கங்கள், அதனால் குறுக்குவழி வடதுருவத்தை ஒட்டியே போகும். சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.64 பாகை, அங்கிருந்து ஜேஎஃப்கேக்கு 49.36. கூட்டினால் 138. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. போட்டுப் பெருக்குங்கள், 15,345 வந்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது.

ஆனால் விமானம் அந்தக் கோட்டில் போவதில்லை. அமெரிக்கா போகும்போது பெரும்பாலும் ஜப்பான் பக்கமாக ஏறி, பசிபிக்கைக் கடந்து போகும். மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளும். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 200 கி.மீ.யைச் சாதாரணமாகத் தாண்டும். பறக்கும் தூரம் 16,500 கி.மீ.க்கு மேல் போனாலும் நேரம் மிச்சம். திரும்பும்போது அதே காற்று எதிர்க்காற்று. அதனால் அன்றன்றைய காற்றைப் பார்த்து வழி மாறும். சில நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகவும் வரும்.

நேரக்கணக்கு:
டிக்கெட்டில் இருப்பது விமானம் ஏறும் வாசலிலிருந்து (கேட்) இறங்கும் வாசல் வரையான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் வாசல் கிடைக்கக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். வெறும் வகுத்தல் கணக்கு இங்கேதான் உதைக்கும்.

தேதி விஷயம்: நியூயார்க் குளிர்காலத்தில் 13 மணி நேரம் பின்னால், கோடையில் 12. பகல் 12 + 18:40 = மறுநாள் காலை 6:40 சிங்கப்பூர் நேரம். அதில் 13 கழித்தால் அதே நாள் மாலை 5:40, கோடையில் 6:40. திரும்பும்போது தலைகீழ்: திங்கள் இரவு 10:30-க்கு ஏறினால் புதன் காலையில்தான் சாங்கி. செவ்வாய் முழுக்க ஆகாயத்தில் போய்விடும். சென்னைக்கு இணைப்பு விமானம் தனியாகப் போடுகிறவர்கள் இங்கேதான் ஒரு நாள் தவறவிடுகிறார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அமெரிக்கக் கடிகாரம் மாறும், அதையும் பாருங்கள்.

சாங்கி_பயணி:
தெளிவாயிற்று, நன்றி. பெற்றோர் விஷயம்?

இருக்கை_ஆலோசகர்:
இந்த வழியில் ஓடும் ஏ350-900 யூஎல்ஆரில் (மிக நீண்ட தூரம் பறப்பதற்கான வகை) எகானமியே கிடையாது. பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94, மொத்தமே 161 இருக்கை. 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும் விமானம்; அந்த எடையைச் சுமக்கத்தான் ஆட்களைக் குறைத்திருக்கிறார்கள். எகானமிதான் வேண்டுமென்றால் பிராங்க்ஃபர்ட் வழி: பறக்கும் தூரம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் மொத்தம் 24 மணி நேரத்தை ஒட்டும்.

அங்கே எல்லாரும் இறங்கி, மறுபடி சோதனை முடித்து ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது சிரமம் என்றால் நேரடி விமானமே மேல். பிரீமியம் எகானமி 2-4-2 அமைப்பு, ஜன்னல் பக்க ஜோடி இருக்கையை இருவருக்கும் இப்போதே பிடித்துவிடுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கொருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். கால் ரத்தக் குழாயில் முன்பே ரத்தம் உறைந்தவர்களாக இருந்தால், டாக்டரைக் கேட்டபின் டிக்கெட் போடுங்கள். சக்கர நாற்காலியை புக்கிங்கிலேயே கேட்டுவிட வேண்டும். ஜேஎஃப்கேயில் குடிநுழைவு வரிசை நீளம்.