கார்லோவி வாரி போனவர்கள், மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

சாலைமரம்

போன அக்டோபரில் ப்ராகிலிருந்து பஸ்ஸில் ஒரு பகல் மட்டும் போய்வந்தேன். வெந்நீர் ஊற்றுத் தண்ணீரை மருந்தாகக் குடிக்கும் செக் நாட்டு ஊர் என்பது உங்களுக்கே தெரியும். என்னை விடாமல் பிடித்திருப்பது ஒரு பாட்டிதான்.

ஊற்றுகள் இருக்கும் தூண் மண்டபமான மில் கொலோனேட் பக்கத்துக் கடையில் பீங்கான் குவளை வாங்கினேன். கைப்பிடியே குழலாக இருக்குமே, அதுதான். எனக்கு அப்போது அது தெரியாது. ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து விளிம்பில் வாய் வைத்தேன், நாக்கு சுட்டுவிட்டது. பக்கத்தில் நின்ற பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக் குவளையைத் திருப்பினார். தன் குவளையின் கைப்பிடி நுனியை உதட்டில் வைத்து, பாலாடையில் புகட்டுகிற அளவுக்குக் கொஞ்சமாக உறிஞ்சிக் காட்டினார். அந்தக் குவளையில் விரல் படும் இடமெல்லாம் நீலப்பூ தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. குழல் நுனியில் துருநிறக் கறை. கீழே இருந்த எழுத்தில் 'கார்ல்' மட்டும்தான் மிச்சம்.

அப்புறம் தூண்களுக்கு நடுவே நடந்தார், நானும் பின்னாலேயே போனேன். நான் வேகமெடுத்தால் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டுவார். கடைசியில் பையிலிருந்து ஒரு ஓப்லாட்கி, அந்த ஊரின் மெல்லிய வட்ட வேஃபர், எடுத்து உடைத்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். நன்றி சொல்லச் செக் வார்த்தை தெரியவில்லை. 'தேங்க்யூ' என்றேன். காதில் விழுந்ததா என்று தெரியாது, போய்விட்டார். 'டியெகுயி' என்று சொல்ல வேண்டும் என்பதைத் திரும்பும் பஸ்ஸில்தான் தெரிந்துகொண்டேன்.

வெண்பனி

பையிலிருந்து எடுத்ததென்றால் ஆறிப்போனதாக இருந்திருக்கும். ஓப்லாட்கியைக் கடையில் சூடாக ஒவ்வொன்றாகத் தருவார்கள், அதைத்தான் சாப்பிட வேண்டும்.

என்னுடையது கல் ரோஜா. காகித ரோஜாவை வெந்நீர் ஊற்றில் போட்டு வைப்பார்கள். தண்ணீரில் இருக்கும் தாது படிந்து படிந்து அது பழுப்புக் கல்லாகிவிடும். கடைக்காரர் ஒன்றை எடுத்து அம்மா கையில் வைத்தார். அம்மா அதை முகர்ந்து பார்த்தார்! எனக்குச் சங்கடமாகிவிட்டது. கடைக்காரர் சிரிக்கவில்லை. இன்னொன்றை எடுத்துத் தானும் முகர்ந்து பார்த்தார். அம்மா இப்போது இல்லை. ரோஜாவில் ஒரு இதழ் உடைந்திருக்கிறது, ஒட்ட மனம் வரவில்லை.

ஆற்றோரம்

வெண்பனி, ஆறினால் என்ன? அந்த ஊர்க்காரர்களே பெட்டியாக வாங்கி வீட்டில் வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

என் மாமனார் மில் கொலோனேடின் 5 ஊற்றையும் அரை மணியில் குடித்துவிட்டார். ஸ்டாரா லோகா தெருவில் கஃபே ஒன்றில் உட்கார்ந்தவருக்குக் கேக்கைத் தொட முடியவில்லை. முகம் வெளுத்துவிட்டது. பரிமாறிய பெண் கேக் தட்டை எடுத்துக்கொண்டு வெறும் ரொட்டி கொண்டுவந்து வைத்தாள். அதற்குக் காசு வாங்கவில்லை.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்தத் தண்ணீரில் சோடியம் சல்பேட் இருக்கிறது. அதிலிருந்து எடுத்த கார்ல்ஸ்பாத் (ஊரின் ஜெர்மன் பெயர்) உப்பை ஐரோப்பா முழுக்கப் பேதி மருந்தாகவே விற்றார்கள். அதனால் ஒரு வாய், நடை, இன்னொரு வாய், அவ்வளவுதான். கிட்னி, பிரஷர் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் குடிக்க வேண்டாம். குழலில் உறிஞ்சுவதற்குக் காரணம் உண்டு: தாது பல்லில் அதிகம் படாது. வ்ர்ஷீட்லோ ஊற்று 72 டிகிரிக்கு மேல், 12 மீட்டர் வரை பீறிடும். அதைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு ஊற்றும் ஒவ்வொரு சூடு, ஆறியதில் வாயு அதிகம் தங்கும்.

கடைகளில் யூரோ கொடுத்தால் அவர்கள் சொல்வதுதான் மாற்று விலை, செக் நாணயமான கொருனாவாகவே கொடுங்கள். ஆற்றோரக் கடைகளில் வாங்குமுன் இரண்டு தெரு தள்ளியும் விலை கேளுங்கள். பெக்கெரோவ்கா என்ற மூலிகை மது 38 சதவீதம், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடலாம். குவளையைக் காலுறைக்குள் வைத்துக் கட்டுங்கள், கைப்பிடிதான் முதலில் உடையும்.

மூன்றாம்படி

ஆற்றோரம், நல்ல தகவல்தான், ஆனால் இங்கே யாரும் கேட்கவில்லையே. அவர் பாட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார், அதற்கு ஒரு வரி பதில் சொல்லியிருக்கலாம்.

2016-இல் எனக்கு நடந்தது. நான் ஜெர்மனியில் வேலை பார்ப்பவன், பாஷை தெரியும். ஸ்டாரா லோகாவில் பக்கத்து மேசையில் ஒரு வயதான அம்மா. காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் அந்தக் குழல் குவளையும் இருந்தது. அந்தத் தெருவை அவர் ஸ்டாரா லோகா என்று சொல்லவே இல்லை, 'ஆல்ட்டே வீஸே' என்றார். அதன் பழைய ஜெர்மன் பெயர். போருக்குப் பிறகு ஜெர்மானியர்களை ஊரைவிட்டு அனுப்பினார்களே, அப்போது போன குடும்பம். 1946-இல் அவருக்கு 8 வயது. தெப்லா ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டாம் மாடி ஜன்னலைக் காட்டி "அதுதான் எங்களுடையது" என்றார். அதில் யாரோ சிவப்புப் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். "உள்ளே போய்ப் பார்த்தீர்களா?" என்று கேட்டுவிட்டேன். கரண்டியைக் கீழே வைத்தார். பதில் சொல்லவில்லை. ஏன் கேட்டேன் என்று இன்றுவரை உறுத்துகிறது.

சாலைமரம்

மூன்றாம்படி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அன்று எடுத்த போட்டோவைத் தேடினேன். உடைத்த ஓப்லாட்கியைத்தான் எடுத்தேன், ஓரத்தில் பாட்டியின் குவளையும் விழுந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். 'கார்ல்' என்பதற்கு அடுத்து பாதி அழிந்த ஒரு வளைவு தெரிகிறது. 'ஓ' மாதிரி இல்லை, 'ஸ்' மாதிரி இருக்கிறது.