கரிசல் மண்ணில் ஆவாரைக் கன்று பட்டுப்போவது ஏன்?

கேள்வி (உடுமலைப்பேட்டை)

வணக்கம். போகியன்று சிறுபீளையோடு சேர்த்துக் காப்புக் கட்ட வீட்டிலேயே பூ கிடைக்க வேண்டும் என்ற ஆசையில், நாள் முழுதும் வெயில் விழும் இடத்தில் மூன்று ஆவாரைக் கன்றுகளை வாங்கி நட்டேன். தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியும் இலைகள் பழுத்து உதிர்ந்து, ஒரு மாதத்திற்குள் இரண்டு பட்டுவிட்டன. பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து, தொட்டதும் தோல் கழன்று வந்தது. சாலையோரத்தில் யாரும் நீர் ஊற்றாமலே பூத்து நிற்கும் செடி வீட்டில் ஏன் நிலைக்கவில்லை?

மறுமொழி 1

ஐயா, அந்தத் தண்ணீர்தான் செடியை அழுகச் செய்திருக்கிறது. கரிசல் மண் நீரை நெடுநாள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆவாரை வேருக்கோ காற்றோட்டம் வேண்டும். எஞ்சிய கன்றுக்கு மண் நன்றாகக் காயும்வரை நீர் விடாதீர்கள். அடுத்த முறை சரளையும் செம்மண்ணும் கலந்து முழங்கால் உயரத்திற்கு மேடு கட்டி, அதன்மேல் விதையை நேரடியாக ஊன்றுங்கள். பையில் வளர்ந்த கன்றின் ஆணிவேர் சுருண்டுவிடுவதால் அது ஆழம் போகத் தடுமாறும்.

பழுப்பேறிய காய்களிலிருந்து விதை எடுக்கலாம். விதைத்தோல் கடினமானது, கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு இரவு முழுதும் விட்டால், நீர் குடித்தவை பருத்திருக்கும். அவற்றை ஐப்பசி மழையை ஒட்டி ஊன்றுங்கள்.

மறுமொழி 2

வாங்கியது ஆவாரைதானா என்பதையும் பாருங்கள், ஏனெனில் மஞ்சள் பூப் பூக்கும் அதன் இனச்செடிகள் பல உண்டு. ஆவாரையில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இருபுறமும் காது மடல் போன்ற அகன்ற சிற்றிலைகள் இருக்கும். இலையில் பச்சைப் புழுக்களைக் கண்டால் மருந்து அடித்துவிடாதீர்கள்; அவை பெரும்பாலும் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் குஞ்சுகள், செடி மீண்டும் துளிர்த்துவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. எஞ்சிய கன்றில் அந்தக் காது மடல் தெளிவாகத் தெரிகிறது. இதைக் கவாத்து செய்யலாமா?

மறுமொழி 1

இப்போது வேண்டாம், ஐயா. வேர் தேறி, ஒருமுறை பூத்து ஓய்ந்தபின் நுனிகளை வெட்டுங்கள். புதுக்கிளைகளின் நுனியில்தான் பூங்கொத்து வரும்.