ஹெச்சி-12 ரேடியோ மாட்யூல் வழியாக வரும் எண்களில் எழுத்துகள் விடுபடுகின்றன

கேள்வி:
வணக்கம். அனுப்பும் பக்கம் அர்டுயினோ ஊனோவும் ஜாய்ஸ்டிக்கும். வாங்கும் பக்கம் அர்டுயினோ நானோ, அதில் 60 எல்இடி உள்ள டபிள்யூஎஸ்2812 பட்டை. இரண்டிலும் ஹெச்சி-12, சாஃப்ட்வேர்சீரியல் (சாதாரண பின்களில் மென்பொருளால் சீரியல் நடத்தும் லைப்ரரி), 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்). 100 மில்லி விநாடிக்கு ஒரு தடவை "512,498" என்று ஒரு வரி அனுப்புகிறேன். சில வரிகள் சரியாக வருகின்றன, சில "52,498" என்று வருகின்றன, சிலவற்றில் வெறும் குப்பை எழுத்துகள். மாட்யூல்களை இடம் மாற்றியும் அதே கதை. எங்கே பார்ப்பது?

பதில் 1:
இடம் மாற்றியும் மாறவில்லை என்றால் மாட்யூல் பழுதாக இருக்காது. மாட்யூலின் செட் பின்னைக் கிரவுண்டில் இணைத்து, அமைப்புகளைக் கேட்கும் ஏடி+ஆர்எக்ஸ் கட்டளையை அனுப்புங்கள். பாட், சேனல், பவர், மோடு நான்கும் வரும். இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். எஃப்யூ3 என்ற இயல்பான மோடில் பாட் ரேட்டோடு காற்றில் போகும் வேகமும் மாறும்: 9600க்கு விநாடிக்கு 15,000 பிட், 19200க்கு 58,000. ஒரு பக்கம் 9600, மறுபக்கம் 19200 என்றால் ஒன்றுமே வராது. உங்களுக்குப் பாதியாவது வருகிறதே, அதனால் அது காரணமில்லை. அனுப்பும்போது மாட்யூல் சுமார் 100 மில்லி ஆம்பியர் இழுக்கும். அப்போது மின்னழுத்தம் விழாமலிருக்க, விசிசி (மின்சாரம் வரும் பின்), கிரவுண்டு பின்களை ஒட்டியே 220 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போட்டுவிடுங்கள்.

பதில் 2:
எனக்கு அந்த எல்இடி பட்டை மேல்தான் சந்தேகம். ஒரு எல்இடிக்கு 24 பிட், 30 மைக்ரோ விநாடி. 60க்கு 1.8 மில்லி விநாடி. பட்டைக்கு நிறங்களை அனுப்பும் ஷோ() ஓடும் அவ்வளவு நேரமும் இன்டரப்ட் (ஓடும் வேலையை நிறுத்தி அவசர வேலையைக் கவனிக்க வைக்கும் சிக்னல்) அணைந்திருக்கும். 9600இல் ஓர் எழுத்து வர 1.04 மில்லி விநாடிதான். எழுத்து தொடங்குவதைக் காட்டும் ஸ்டார்ட் பிட்டை சாஃப்ட்வேர்சீரியல் இன்டரப்ட் மூலம்தான் பிடிக்கிறது. அது தவறினால் எழுத்து விடுபடும். நடுவில் உள்ள பிட்டை ஸ்டார்ட் பிட் என்று எடுத்துக்கொண்டால் குப்பை வரும்.

சோதிக்கப் பட்டையின் வயரைக் கழற்றினால் போதாது. பட்டை இல்லாவிட்டாலும் ஷோ() அதே நேரத்தை எடுக்கும். நிரலில் ஷோ() வரியையே கமென்ட் செய்து (ஓடாமல் ஆக்கி) பாருங்கள்.

தீர்வு: ஒரு வரி முழுதாக வந்து சேர்ந்த பிறகு மட்டும் ஷோ() கூப்பிடுங்கள். வரி முடிவுக் குறியோடு எட்டு எழுத்துக்கு 8 மில்லி விநாடிதான், அடுத்த வரி வரும்வரை நிறைய இடைவெளி இருக்கிறது. இல்லையென்றால் மாட்யூலை நானோவின் 0, 1 பின்களுக்கு மாற்றுங்கள். வன்பொருள் சீரியல் இரண்டு எழுத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் ஸ்கெட்ச் (நிரல்) ஏற்றும்போது மாட்யூலைக் கழற்ற வேண்டும், சீரியல்.பிரிண்ட் எழுதுவதெல்லாம் காற்றிலும் போகும்.

பதில் 3:
அதோடு வரிக்கு ஒரு சரிபார்ப்பும் வேண்டும். "#512,498,1010" என்று கூட்டுத்தொகையையும் சேர்த்து அனுப்புங்கள். "52,498" வந்தால் கூட்டினால் 550, பொருந்தாது, அந்த வரியைத் தள்ளிவிடலாம். அடுத்தது 100 மில்லி விநாடியில் வந்துவிடும். பழைய மதிப்பையே அதுவரை வைத்திருங்கள், பூஜ்யம் ஆக்க வேண்டாம்.

கேட்டவர்:
ஷோ() வரியைக் கமென்ட் செய்ததும் ஒரு வரிகூடச் சிதையவில்லை. இப்போது வரி முடிந்த பிறகே கூப்பிடுகிறேன், பட்டையும் எரிகிறது, எண்களும் சரியாக வருகின்றன. கூட்டுத்தொகையையும் சேர்த்துவிட்டேன். மிக்க நன்றி.