சைவ ஹோட்டலில் பால், தயிர், நெய் இல்லாமல் சாப்பிட: எதைக் கேட்டு வாங்கலாம், எதைத் தொடவே கூடாது?

ஊர்சுற்றி:
சென்னையில் கிளம்பி மதுரை, கோவில்பட்டி வழியாகத் திருநெல்வேலி வரை காரில் போகிறோம். கூட வருபவர்களில் இரண்டு பேர் வீகன். பால், தயிர், நெய், தேன் எதுவும் சேர்ப்பதில்லை. வழியெல்லாம் சைவ ஹோட்டல் இருக்கிறது, ஆனால் சப்ளையரிடம் "வீகன்" என்றால் "இங்க எல்லாமே வெஜ்தான் சார்" என்ற பதில்தான் வரும். "நெய் வேண்டாம்" என்று சொன்னால் போதுமா? மீல்ஸில் எதையெல்லாம் ஒதுக்க வேண்டும்? ராத்திரி அசைவ ஹோட்டல் மட்டும்தான் திறந்திருந்தால் என்ன சாப்பிடலாம்?

தோசைக்கல்:
"நெய் வேண்டாம்" மட்டும் போதாது. நெய் வேண்டாம் என்றால் வெண்ணெய் போடுகிற மாஸ்டர்கள் உண்டு, தயிரைப் பற்றி அவருக்கு எந்தத் தகவலும் போய்ச் சேராது. "பால், தயிர், மோர், நெய், வெண்ணெய் எதுவும் சேராது, எண்ணெயில மட்டும் போடுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். வீகன் என்ற சொல்லே வேண்டாம்.

அடுத்து, பால் பொருள் எந்தக் கட்டத்தில் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். கடைசியில் மேலே ஊற்றுவது என்றால் நிறுத்தச் சொல்லலாம். மாவிலோ அண்டாவிலோ ஏற்கெனவே கலந்தது என்றால் யார் நினைத்தாலும் எடுக்க முடியாது. சப்ளையர் "நெய் இல்லாம தர்றேன் சார்" என்று நல்ல மனதோடு சொன்னாலும், அண்டா காலையிலேயே தாளித்தாகி விட்டது.

வெண்பொங்கல் இரண்டாவது வகை. மிளகு, சீரகம், முந்திரி எல்லாமே நெய்யில் வறுத்துக் கொட்டிக் கிளறியது. கேசரி, ரவா கிச்சடியும் அப்படியே. ரவா தோசையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரவை, அரிசி மாவு, மைதாவைக் கரைக்கும்போது புளிப்புக்காகப் பல கடைகளில் மோர் ஊற்றுவார்கள். எண்ணெயில் சுட்டுத் தந்தாலும் மோர் உள்ளே இருக்கிறது. "மாவுல மோர் இருக்கா?" என்று கேட்காமல் வாங்க வேண்டாம். அடைக்கு வெல்லத்தோடு வெண்ணெய் வைப்பார்கள், கூட வரும் அவியலில் தயிர் உண்டு. அடையை மட்டும் வாங்கித் தேங்காய்ச் சட்னியோடு சாப்பிடலாம்.

தைரியமாக வாங்கக்கூடியவை: இட்லி, மெதுவடை, ஊத்தப்பம், சாதா தோசை, பூரி கிழங்கு, சென்னையில் என்றால் வடகறி. மினி இட்லிக்கு மேலே ஒரு கரண்டி நெய் விழும், ஆர்டர் கொடுக்கும்போதே தடுத்துவிடுங்கள். பொடி இட்லியும் பல இடங்களில் நெய்யில் புரட்டித்தான் வரும். "பொடிக்கு நல்லெண்ணெய்" என்று தனியாகச் சொல்ல வேண்டும். மசால் தோசைக்குக் கிழங்கு எண்ணெயில் வதக்கியதுதான், தோசைக்கு மேலே வெண்ணெய் தடவுவதை மட்டும் நிறுத்தினால் போதும்.

இடியாப்பம், ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் வரும்போது நிறத்தையும் மணத்தையும் கவனியுங்கள். தேங்காய் விலை ஏறினால் சில கடைகளில் பசும்பாலைக் கலப்பதுண்டு. சந்தேகமாக இருந்தால் சட்னியோ சாம்பாரோ கேளுங்கள்.

பந்திக்காரர்:
மீல்ஸ் பற்றி நான் சொல்கிறேன். இலை போட்டதும் முதலில் வருவது பருப்பும் நெய்யும். நெய்யைக் கையால் மறித்துவிடலாம், ஆனால் சில இடங்களில் பருப்பே நெய் கலந்து வருகிறது. சாம்பார் பெரும்பாலும் எண்ணெய்த் தாளிப்பு. ரசத்தில்தான் கவனம் வேண்டும். கடுகு, சீரகம், மிளகாயை நெய்யில் தாளித்துக் கொட்டுவது வழக்கம். ரசத்தின் மேலே மிதக்கும் கொழுப்பை மட்டும் பார்த்து எண்ணெயா நெய்யா என்று சொல்ல முடியாது. கேட்டே ஆக வேண்டும். வத்தக்குழம்பு, காரக்குழம்பு நல்லெண்ணெய். அவற்றை நம்பலாம்.

பொரியல், அப்பளம், ஊறுகாய் சரி. யாரும் நினைக்காத ஒன்று மோர் மிளகாய். பெயரிலேயே இருந்தும் தப்பிவிடுகிறது. மோரில் ஊறவைத்துக் காயவைப்பதால் பொரித்த பிறகும் அது பால் பொருள்தான். பச்சடி, அவியல், மோர்க்குழம்பு, பாயசம் வேண்டாம். பருப்புப் பாயசத்தைத் தேங்காய்ப்பாலில் செய்தாலும் முந்திரியை நெய்யில் வறுத்திருப்பார்கள். கூட்டில் பொதுவாகப் பருப்பும் தேங்காயும்தான்.

கலவை சாதத்தில் புளியோதரை, எலுமிச்சை, தக்காளி சாதம் எண்ணெயில் செய்பவை. சாம்பார் சாதத்திலும் பிசிபேளாபாத்திலும் நெய் உள்ளேயே இருக்கும். வெஜ் பிரியாணியில் தயிரும் சேரும்.

இதையெல்லாம் பகல் ஒரு மணிக்குக் கேட்டால் சப்ளையருக்கு நின்று பதில் சொல்ல நேரம் இருக்காது. மீல்ஸ் ஆரம்பிக்கும் நேரத்தில், பதினொன்றரை வாக்கில் உள்ளே போய் சூப்பர்வைசரிடம் கேளுங்கள். அவர் சமையல்கட்டில் விசாரித்துத்தான் சொல்வார், அந்தப் பதிலை நம்பலாம்.

தந்தூர்:
வட இந்திய அயிட்டங்கள்: நான், குல்சா மாவில் தயிரோ பாலோ இருக்கும், சில இடங்களில் முட்டையும் சேர்க்கிறார்கள். தந்தூரி ரொட்டி பொதுவாகக் கோதுமை மாவும் தண்ணீரும்தான், "பட்டர் தடவாம பிளெயின்" என்றால் போதும். தால் ஃப்ரையை எண்ணெயில் தாளிக்கச் சொல்லலாம், அந்தத் தாளிப்பைக் கடைசியில்தான் கொட்டுகிறார்கள். தால் மக்கனியில் வெண்ணெயும் க்ரீமும் உள்ளேயே வெந்திருக்கும், அங்கே அது நடக்காது. வெஜ் குருமாவில் தேங்காய், முந்திரியோடு தயிரும் போகும். தக்காளி சூப்பில் வெண்ணெயும் க்ரீமும்.

நெடுஞ்சாலை அசைவக் கடையில் பரோட்டாவைத் தவிர்த்துவிடுங்கள். மாவு மிருதுவாக வர முட்டையும் பாலும் சேர்த்துப் பிசைகிற கடைகள் நிறைய. சால்னா கறிக் குழம்பாகவே இருக்கும். அதே கல்லில் ஆம்லெட்டும் விழுகிறது. ஃப்ரைட் ரைஸ் கேட்டால் ஒரே வாணலி, ஒரே கரண்டி. அங்கே இட்லியும் தேங்காய்ச் சட்னியும்தான் கதி. அதில் குறை ஒன்றும் இல்லை.

மருந்துக்கடை முக்கு:
ஒன்று கேட்க வேண்டும்: அந்த இருவரும் கொள்கைக்காக ஒதுக்குகிறார்களா, பால் ஒவ்வாமையா? ஒவ்வாமை என்றால் மேலே உள்ள யோசனைகள் போதாது. நெய் ரோஸ்ட் போட்ட அதே கல்லில்தான் உங்கள் தோசையும் வரும். நடுவே தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுப்பதோடு சரி, தோசைத் திருப்பியும் அதேதான். நெய்யைத் தெளிவாகக் காய்ச்சினாலும் பால் புரதம் கொஞ்சம் மிஞ்சும். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நெய் பெரும்பாலும் தொந்தரவு தராது, புரத ஒவ்வாமைக்காரருக்கு அது ஆபத்து. இரண்டையும் குழப்ப வேண்டாம். அவர்களுக்கு ஆவியில் வெந்த இட்லி, இடியாப்பம்தான் பாதுகாப்பு. கூட வருவதையும் விசாரித்தே வாங்குங்கள்.

பாக்கெட் வாங்கும்போது சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள், அதில் பாலும் தேனும் அடங்கும். வீகன் பொருள்களுக்கென்று 2022-இல் தனி விதிமுறை வந்து தனிச் சின்னமும் கொடுத்திருக்கிறார்கள். 10 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்கள் ஒவ்வாமை விவரத்தைத் தர வேண்டும் என்பதும் விதி. பெரிய செயின் கடை என்றால் உரிமையோடு கேளுங்கள்.

ஊர்சுற்றி:
அனைவருக்கும் நன்றி. ஒவ்வாமை இல்லை, கொள்கைதான். காபி, டீக்கும் வழியில் இனிப்புக்கும் ஏதாவது சொல்ல முடியுமா? ஜிகர்தண்டாவும் அல்வாவும் இல்லையென்று அவர்களுக்கு வருத்தம்.

தெக்கத்தி:
ஜிகர்தண்டா முழுக்கப் பால், விட்டுவிடுங்கள். மதுரையில் பருத்திப்பால் இருக்கே! பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பால், அரிசி மாவு, வெல்லம் அல்லது கருப்பட்டி, சுக்கு, ஏலம், தேங்காய்த் துருவல். சாயங்காலம் தள்ளுவண்டியில் சூடாகக் கிடைக்கும். பால் சேர்ப்பதில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்குங்கள், 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது, நிலக்கடலையும் வெல்லமும்தான். திருநெல்வேலி அல்வாவில் "பால்" என்பது கோதுமைப்பால், ஆனால் நெய் வழிகிறது, அது ஆகாது. அதற்குப் பதில் தூத்துக்குடி மாவட்டம் முதலூர் மஸ்கோத் அல்வாவைத் தேடுங்கள். நெய்யே இல்லாமல் தேங்காய்ப்பாலில் கிண்டுவது, முந்திரி போட்டு வழுவழுவென்று இருக்கும். தூத்துக்குடி மக்ரூனில் முட்டை வெள்ளைக்கரு உண்டு, சைவக்காரர்களும் கவனிக்க.

நெல்லையில் சொதி கிடைத்தால் விடாதீர்கள். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறி, இஞ்சிச் சாறு, கடைசியில் எலுமிச்சை. தாளிப்பு மட்டும் எண்ணெயா நெய்யா என்று கேட்க வேண்டும்.

டீக்கடையில் "பால் இல்லாம வர டீ" என்று சொன்னால் புரியும். பால் ஆற்றிய குவளையிலேயே ஆற்றிவிடுவார், "ஆத்த வேண்டாம், அப்படியே குடுங்க" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுக்கு காபியை முதலில் விசாரியுங்கள், சில கடைகளில் பால் ஊற்றித்தான் தருவார்கள்.