‘குமாருக்குத் தன் தங்கையைப் பிடிக்கும்’: இதில் எழுவாய் யார்?

மரமேறி:
சார்பு மரம் (எந்தச் சொல் எந்தச் சொல்லைச் சார்ந்தது என்று கோடு போட்டு, உறவுக்கு லேபிள் எழுதும் படம்) வரைய நூறு வாக்கியத்தோடு உட்கார்ந்தேன். நாலாவதிலேயே மாட்டிக்கொண்டேன், தலைப்பில் இருப்பதுதான் அது. வேர், அதாவது மற்றச் சொற்கள் தொங்கும் சொல், ‘பிடிக்கும்’. ‘தங்கையை’ செயப்படுபொருள். ‘குமாருக்கு’ என்ன லேபிள்? எழுவாய் என்றே போட்டுவிட்டேன். ‘தன்’ யாரைச் சுட்டுகிறது? குமாரைத்தானே? ‘தன்’ வழக்கமாக எழுவாயைத் தேடித்தான் போகும்.

நான்காம்வேற்றுமை:
போட்டதை அழித்துவிடுங்கள். எழுவாய் என்றால் வினை அதோடு ஒத்துப்போக வேண்டும். இறந்தகாலத்தில் சொல்லிப் பாருங்கள்: குமாருக்குப் பிடித்தது, பெண்களுக்குப் பிடித்தது. வினை அசையவே இல்லை. ‘குமாருக்குக் கொடுத்தேன்’ என்பதிலும் அதே ‘கு’தான். ஒரே உருபுக்கு இரண்டு லேபிள் கொடுத்தால் பார்சர் (இந்த மரங்களைப் பார்த்துக் கற்று, தானே மரம் வரையும் நிரல்) எதைக் கற்கும்? பல மொழி மரங்களை ஒரே முறையில் சேர்த்துவைக்கும் யூனிவர்சல் டிபென்டென்சீஸில் இருக்கும் தமிழ் டிடிபி தொகுப்பே 600 வாக்கியம்தான்!

மரமேறி:
பார்சர் உருபை மட்டுமா பார்க்கிறது? வினையையும்தான் பார்க்கிறது. பிடி, பசி, தெரி, புரி, வேண்டும்... இந்த வகை வினைகள் அப்படியொன்றும் அதிகமில்லை. அப்புறம், குமார் எழுவாய் இல்லை என்றால் இந்த வாக்கியத்தில் எழுவாயே கிடையாது. தங்கை மேல் ‘ஐ’ ஏறி உட்கார்ந்திருக்கிறது.

நான்காம்வேற்றுமை:
இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும்? சார்பு இலக்கணத்துக்கு அடித்தளம் போட்ட லூசியன் டெனியேர் வினையைத்தான் மையத்தில் வைத்தார். எழுவாயும் அதில் தொங்கும் உறுப்புகளில் ஒன்று, அவ்வளவுதான். இன்னொரு சோதனை: ‘குமார் வீட்டுக்கு வந்து தூங்கினான்’ சரி. ‘குமாருக்கு வீட்டுக்கு வந்து பசித்தது’ காதில் இடிக்கிறதே. எச்சம் எழுவாயைப் பகிர்ந்துகொள்ளும். இங்கே பகிர மறுக்கிறது.

ஓரத்தில்நிற்பவன்:
இருவருக்கும் ஒன்று. வில் (சொல்லையும் சொல்லையும் இணைக்கும் கோடு) எங்கிருந்து எங்கே போகிறது என்பதில் உங்களுக்குள் சண்டையே இல்லை. வில் சரியா என்று மட்டும் பார்க்கும் யூஏஎஸ் மதிப்பெண் மாறாது, லேபிளையும் பார்க்கும் எல்ஏஎஸ்தான் அடிபடும். பாணினியின் காரகத்தை (வினையோடு பெயருக்கு உள்ள உறவை) ஒட்டிச் செய்த இந்தி மரத்தொகுப்பில் இந்த ஆளுக்கு ‘அனுபவ கர்த்தா’ (உணர்வை அனுபவிப்பவர்) என்று தனி லேபிளே உண்டு. நம் நன்னூலும் ‘கு’வுக்குக் கொடை, பகை, தகவு, முறை என்று அடுக்கிவிட்டு, கடைசியில் ‘ஆதி’ (முதலியவை) என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. தனி லேபிள் போடுங்கள். பிறகு எழுவாயோடு சேர்ப்பது சுலபம்; கலந்துவிட்டதைப் பிரிப்பதுதான் பாடு.

மரமேறி:
சரி, தனி லேபிள். ஐந்தாவது வாக்கியம் ‘எனக்குத் தலை வலிக்கிறது’. ‘தலை’க்கு எழுவாய் கொடுத்துவிட்டேன், வினையும் ஒத்துப்போகிறது. நான்காம்வேற்றுமைக்கு இப்போது திருப்திதானே?